எட்டடி விரியனும் சோர்ந்த இமையும்

(ஊர்காவற்றுறையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தீவுப்பகுதி வைத்தியசாலை ஒன்றுக்கு விடியற்காலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர். சாமத்தில் எழும்பி வயிற்று நோ என்றார். விடிய இமை இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணைத் திறக்கச் சொன்னால் நெற்றியைச் சுருக்குகிறார், இமை எழும்பவில்லை. நாக்குத் தடிக்கிறது. உடம்பில் தேடினால் கடிவாயும் தெரியவில்லை. இவரைப் பார்க்கும் வைத்தியர் முதலில் நினைக்க வேண்டியது ஒன்றைத்தான்: எட்டடி விரியன். அந்தப் பாம்பு இரவில் வீட்டுக்குள் வரும். நித்திரையில் இருப்பவரை நோகாமல் கடிக்கும். பல் பட்ட அடையாளமும் சில வேளை இராது. நம் ஊர் வைத்தியர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

இனி இன்னொருவரை நினையுங்கள். வேலணையிலோ புங்குடுதீவிலோ இருக்கும் முப்பது வயதுப் பெண். அவருக்கும் அதே இமை விழுகிறது. ஆனால் ஒரு இரவில் வந்ததல்ல, மாதக்கணக்காக வருகிறது. விடிய எழும்பும்போது முகம் நன்றாக இருக்கும். பின்னேரம் ஆக ஆக ஒரு கண் சொருகும். ஆட்கள் இரட்டையாகத் தெரிவார்கள். தலை இழுக்கக் கையைத் தூக்கினால் பாதியில் கை இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கதைத்தால் குரல் மூக்கால் வரும். தேத்தண்ணி குடிக்கப் புரைக்கேறும். சற்றுப் படுத்து எழும்பினால் எல்லாம் திரும்பச் சரியாகும். இவரைப் பாம்பு கடிக்கவில்லை. ஆனால் பாம்பின் நஞ்சு உடம்பில் எந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டுமோ, அதே இடத்தைத் தேடிப் போய் ஒட்டும் ஒரு பொருள் இவருடைய இரத்தத்திலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. இந்த நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். மயஸ்தீனியா என்று சுருக்கிக்கொள்வோம்.

மூளையையும் நரம்பையும் தன் உடம்பே தாக்கும் நோய்களைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு பின்னேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. இந்த ஒன்றிலேதான் கூடுதல் நேரம் நிற்கப் போகிறேன். காரணம் இரண்டு. இது மருந்துக்கு நன்றாகக் கேட்கும் நோய். மற்றது, இதை விஞ்ஞானம் கண்டுபிடித்த கதையில் எட்டடி விரியனின் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று வருகிறது.

முதலில் பொதுவாகக் கொஞ்சம். நிர்ப்பீடனம் என்பதைப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கிருமி உள்ளே வந்தால் அதற்கென்று பிறபொருளெதிரி உண்டாகும். அது கிருமியில் ஒட்டி அதை அழிக்க உதவும். இந்த ஏற்பாடு எப்போதாவது வழி தவறி, சொந்த உடம்பின் ஒரு பாகத்தையே அந்நியமென்று எடுத்துக்கொள்ளும். மூட்டில் நடந்தால் மூட்டுவாதம், கழுத்துச் சுரப்பியில் நடந்தால் தைரொயிட் நோய். மூளையிலிருந்து விரல் நுனித் தசை வரைக்கும் நரம்புத் தொகுதியின் எந்தப் படியிலும் இது நடக்கலாம்.

மூளைக்குள்ளேயே நடப்பதற்கு ஓர் உதாரணம். நன்றாக இருந்த இளம் பெண் சில நாட்களுக்குள் சம்பந்தமில்லாமல் கதைக்கிறாள், இல்லாததைக் காண்கிறாள், நித்திரை இல்லை, பிறகு வலிப்பு, வாயும் கையும் தன்பாட்டில் அசைதல், கடைசியில் மயக்கம். இப்படி ஆனவர்களில் ஒரு பகுதியினருக்கு வந்திருப்பது மனநோய் அல்ல. மூளைக் கலங்களில் சேதியை வாங்கும் என்.எம்.டி.ஏ. என்ற வாங்கிக்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாகியிருக்கிறது. ஹோசப் தல்மாவ் என்ற ஸ்பானிய நரம்பியல் வைத்தியரும் அவரது குழுவினரும் 2007 இல்தான் அதை இனங்கண்டார்கள். சிலருக்குச் சூலகத்தில் உள்ள ஒரு கட்டிதான் தொடக்கம்; கட்டியை எடுத்து, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலானோர் தேறி எழும்புகிறார்கள். 2007 க்கு முன் உலகம் முழுவதும் இந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? விசரென்று அடைக்கப்பட்டார்கள், பேய் என்று அடிக்கப்பட்டார்கள், காரணம் தெரியாத மூளைக் காய்ச்சல் என்று இறந்தார்கள். ஐரோப்பாவிலும் அப்படித்தான். ஆகவே உடுக்கடிப்பவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இன்றைக்கு, முன்பு மனநோய் எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஒரு கிழமைக்குள் புத்தி மாறி வலிப்பும் வந்தால், அவளை முதலில் காட்ட வேண்டிய இடம் வைத்தியசாலை.

முள்ளந்தண்டிலும் கண் நரம்பிலும் நடந்தால் பார்வையும் காலும் போகும். அந்த வரிசையில் பெயர் போனது எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்); வட ஐரோப்பாவில் அதிகம், நம்மிடம் குறைவு. கை கால் நரம்புகளில் நடப்பது கில்லன்-பாரே. வயிற்றோட்டம் வந்து ஓய்ந்த ஒன்றிரண்டு கிழமையில் காலில் விறைப்பும் பலவீனமும் தொடங்கி மேலே மேலே ஏறும். கம்பிலோபக்டர் என்ற குடல் கிருமியின் தோலில் உள்ள ஒரு பொருள் நம் நரம்பில் உள்ள பொருளைப் போலவே இருப்பதால், கிருமிக்கென்று உண்டான எதிரி நரம்பையும் தாக்குகிறது.

இலங்கைக்கே உரிய பங்கும் இந்த வரிசையில் உண்டு. மலேரியாக் காய்ச்சல் மாறிய பிறகு, இரத்தத்தில் கிருமியும் இல்லாதபோது, சிலர் வெறிகாரரைப் போலத் தள்ளாடி நடப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிமல் சேனநாயக்க கவனித்து எழுதினார். 1994 இல் அவரும் டி சில்வாவும் 74 நோயாளரைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சிறுமூளை தடுமாறுகிறது, கிருமி நேரே செய்யும் வேலை அல்ல, உடம்பின் எதிர்ப்பு செய்யும் வேலை என்றே தோன்றுகிறது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மாறிவிடுகிறது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டதால், இளம் வைத்தியர்கள் இனி அதைப் புத்தகத்தில்தான் பார்ப்பார்கள். அது நல்லதுதான்.

சரி, உடம்பே தன் மூளையைத் தாக்கும் என்பதை மனிதன் எப்படி நம்பத் தொடங்கினான்? அந்தக் கதையில் ஒரு பாதி, இங்கே இருக்கும் வயதானவர்களுக்குத் தெரிந்த கதை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்தப் பயத்திலேயே நாய் கடித்ததை வீட்டில் மறைத்த பிள்ளைகள் உண்டு.

லூயி பாஸ்டர் 1885 யூலை 6 ஆம் திகதி ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் போட்ட நீர்வெறுப்பு மருந்து, நோயுற்ற முயலின் முள்ளந்தண்டு நரம்பைக் காயவைத்துச் செய்தது. 1911 இல் இமாலயச் சாரலில் உள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரித்தானியர் அதை மலிவாகவும் எளிதாகவும் ஆக்கினார். கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, கார்பொலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, வயிற்றுத் தோலின் கீழ் நாள்தோறும் ஏற்றுவது. இந்தியாவிலும் இலங்கையிலும் கோடிக்கணக்கானோருக்குப் போட்ட ஊசி இந்த ஆட்டு மூளைதான். அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் ஊசி போட்டவர்களில் சிலருக்கு இரண்டொரு கிழமையில் கால் செயலிழந்தது, சலம் அடைத்தது, சிலர் மயங்கி இறந்தார்கள். சில நூறு பேரில் ஒருவர் என்றும் பல ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் இடத்துக்கு இடம் கணக்கு வேறுபட்டது. நீர்வெறுப்பு நோய்தான் வந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகித்தார்கள். இல்லை. நரம்பின் மேல் உறையாக இருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை உரிந்திருந்தது.

நியூயோர்க்கில் ரொக்பெலர் நிறுவனத்தில் தோமஸ் ரிவர்ஸ் 1930 களில் ஓர் எளிய கேள்வி கேட்டார். கிருமியே இல்லாத நல்ல முயல் மூளையைக் குரங்குக்குத் திரும்பத் திரும்ப ஏற்றினால் என்ன ஆகும்? சில குரங்குகள் முடமாயின. அவற்றின் மூளையிலும் அதே உறை உரிந்திருந்தது. அந்நிய மூளைக்கு எதிராக உண்டான சேனை சொந்த மூளைக்கும் திரும்புகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்று எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சில, அந்தக் குரங்குப் பரிசோதனையின் வழிவந்த விலங்குப் பரிசோதனைகளில்தான் முதலில் தேறின. இந்தியா இந்த ஊசியை 2004 இறுதியில்தான் கைவிட்டது. இப்போது போடுவது ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் செய்தது, ஆட்டு மூளை இல்லை, கையில் போடுவார்கள். நாய் கடித்தால் தயவுசெய்து போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்ன கதையைச் சாட்டாக வைத்து ஒருவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இனிப் பாம்புக்கு வருவோம்.

நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. ஒரு மில்லிமீற்றரை இருபதினாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவு. கையைத் தூக்கு என்று மூளை சொன்ன சேதி நரம்பு நுனி வரை மின்னாக வரும். அங்கே அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிப்பட்டு இடைவெளியைக் கடந்து தசையில் உள்ள வாங்கிகளில் பிடிக்கும். தசை சுருங்கும்.

குறிகட்டுவான் இறங்குதுறையை நினைத்துக்கொள்ளுங்கள். படகுகள் அசற்றைல்கோலின். படகைக் கட்டும் குற்றிகள்தான் வாங்கிகள். படகு கட்டப்பட்டால்தான் சனம் இறங்கும். துறையில் ஒரு காவலன் நின்று, வந்த படகுகளை உடனுக்குடன் அவிழ்த்துத் துரத்திக்கொண்டிருப்பான். அவன்தான் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியம். நல்ல உடம்பில் குற்றிகள் தேவைக்கு மேலாகவே இருக்கும். அதனால் பின்னேரம் படகு குறைந்து வந்தாலும் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். மயஸ்தீனியாவில் பிறபொருளெதிரிகள் குற்றிகளை மறிக்கின்றன, பிடுங்கியும் விடுகின்றன. விடியற்காலை, படகு நிறைய வரும்போது, மிச்சக் குற்றிகளோடு சமாளிக்கலாம். தசை வேலை செய்யச் செய்ய ஒவ்வொரு முறையும் வரும் படகு குறையும். அப்போது துறை வெறிச்சோடும். அந்தப் பெண்ணின் இமை பின்னேரத்தில் விழும் காரணம் இதுதான்.

தாய்வானில் பல பட்டைகள் கொண்ட ஒரு விரியன் உண்டு. நம்முடைய எட்டடி விரியனும் அதுவும் ஒரே பேரினம். தாய்வான் தேசியப் பல்கலைக்கழகத்தில் சாங், லீ என்ற இருவர் 1963 இல் அதன் நஞ்சைப் பிரித்து, அல்பா-பங்கரோடொக்சின் என்ற பகுதியைத் தனியாக எடுத்தார்கள். அது தசையின் வாங்கியில் போய் ஒட்டினால் இலேசில் விடாது. தசையில் வேறெங்கும் ஒட்டாது. விஞ்ஞானிக்கு இதைவிட நல்ல அடையாளப் பொருள் கிடைக்குமா? அதைக் கதிர்வீச்சுள்ள அயடீனோடு சேர்த்துவிட்டால் உடம்பில் எங்கே எத்தனை வாங்கி இருக்கிறதென்று எண்ணிவிடலாம். நாகத்தின் நஞ்சும் அதே வாங்கியில் ஒட்டுவதுதான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குக் கடலில் பூவேந்திப் போன நாகத்தின் கதையும், கருடன் கல்லும், நாகம் சுற்றிய கல்லும் உங்களுக்குத் தெரியும். நாகத்துக்குப் பேர்போன தீவுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பேசுவதில் எனக்கு ஒரு சந்தோசம், அவ்வளவுதான். நம் முன்னோர் வாங்கியையே அறிந்திருந்தார்கள் என்று நாளைக்கு ஒருவரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

நம்மைக் கடிக்கும் பாம்பின் நஞ்சு செய்வது வாங்கியில் ஒட்டுவது மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். எட்டடி விரியனின் நஞ்சில் நரம்பின் நுனியையே சிதைக்கும் பகுதி ஒன்றும் உண்டு. நுனி திரும்ப வளர நாள் எடுக்கும். விஷமுறிவு ஊசி போட்டபிறகும் சிலரை நாட்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருப்பது அதனால்தான்.

வாங்கியைப் பிரித்தெடுக்க நிறைய வாங்கி உள்ள பிராணி வேண்டும். மின்சாரம் அடிக்கும் விலாங்கின் மின்னுறுப்பு முழுக்க இந்த வாங்கிதான். மின் திருக்கையிலும் அப்படியே. 1970 வாக்கில் பாம்பு நஞ்சை வைத்து விலாங்கின் வாங்கியைப் பிடித்தார்கள். 1973 இல் அமெரிக்காவின் சோல்க் நிறுவனத்தில் ஜிம் பட்ரிக், ஜோன் லின்ட்ஸ்ரம் என்ற இருவர் அந்த விலாங்கு வாங்கியை முயல்களுக்கு ஏற்றினார்கள். வாங்கிக்கு எதிரான பிறபொருளெதிரி கிடைத்தால் ஆராய்ச்சிக்கு உதவும் என்பதுதான் அவர்கள் எண்ணம். முயல்கள் தளர்ந்து படுத்துவிட்டன. தலையைத் தூக்க முடியவில்லை. மயஸ்தீனியாவுக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எழும்பி நின்றன.

இப்படி ஒன்று நடக்கலாம் என்று கிளாஸ்கோவில் ஜோன் சிம்சன் 1960 இலேயே எழுதியிருந்தார். நிரூபணம் இல்லாமல் இருந்தது. முயல் பரிசோதனை வந்த அதே 1973 இல் பல்ரிமோரில் பம்புரோ, டிரக்மன், எஸ். சத்தியமூர்த்தி ஆகிய மூவர், மூன்றாவது பெயர் நம் காதுக்குப் பழகிய பெயர், பாம்பு நஞ்சை வைத்து நோயாளியின் தசையில் வாங்கிகளை எண்ணினார்கள். பெரும்பகுதி இல்லை. 1975 இல் நோயாளியின் பிறபொருளெதிரியை எலிகளுக்கு ஏற்ற, எலிகளும் பலவீனமாயின. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

இயற்கையே செய்து காட்டும் நிரூபணம் ஒன்றும் உண்டு. மயஸ்தீனியா உள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் பத்திலொன்று அல்லது அதற்குக் கொஞ்சம் கூட, பால் இழுக்க முடியாமல், அழுகை ஈனமாக, தளர்ந்து பிறக்கும். தாயின் எதிரி தொப்புள்கொடியால் வந்தது. சில கிழமைகளில் அது கழிந்துபோகப் பிள்ளை சரியாகிவிடும். தாய்க்கு இந்த நோய் இருப்பதைப் பிள்ளை பிறக்கும் முன்பே வைத்தியருக்குச் சொன்னால் ஒரு பயமும் இல்லை. சொல்லாவிட்டால் பிள்ளைக்குப் பசி இல்லை என்று சும்மா விட்டுவிடுவார்கள்.

உலகத்தில் பத்து இலட்சம் பேரில் சுமார் 150 முதல் 200 பேருக்கு இந்த நோய் என்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் தீவுகள் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருப்பார்கள். குறைவென்பதே ஆபத்து. யாரும் எதிர்பார்ப்பதில்லை. இளம் பெண்களுக்கும் அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் கூடுதலாக வரும். கிழவருக்கு வந்தால் வயசு என்பார்கள். இளம் பெண்ணுக்கு வந்தால் பஞ்சி என்பார்கள். பெண்ணைப் பற்றிச் சொல்வதுதான் எனக்கு ஆத்திரம் தருவது. காலமை பாய் இழைத்தாள், சமைத்தாள், பின்னேரம் மட்டும் ஏலாதாம், பசப்பு என்று மாமியார் சொல்வதற்கு இந்த நோய் தானே சாட்சி சொல்லிக் கொடுக்கிறது. வைத்தியசாலைக்குப் போனாலும் காலையில்தான் கிளினிக். காலையில் அவள் முகத்தில் ஒன்றுமே இராது. ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது முதல் நாள் பின்னேரம் தொலைபேசியில் எடுத்த முகப்படத்தைக் கொண்டுபோங்கள். நூறு வார்த்தை சொல்வதைவிட வைத்தியருக்கு அது உதவும்.

இன்னொன்று, மீன்பிடி ஊர்களில் சொல்லத் தகுந்தது. விழுந்த இமையின் மேல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இரண்டு நிமிடம் வைத்தால், மயஸ்தீனியாவில் இமை கொஞ்சம் எழும்பும். குளிரில் அந்த நொதியக் காவலன் மந்தமாகிவிடுகிறான். இது வைத்தியர்கள் கிளினிக்கில் செய்யும் சோதனைதான். ஐஸுக்கு ஊர்காவற்றுறையில் பஞ்சமில்லை. ஆனால் ஐஸ் வைத்து இமை எழும்பியதென்று பாம்புக்கடியை விட்டுவிடாதீர்கள். திடீரென்று ஒரு இரவில் வந்த இமைவீழ்ச்சி எப்போதும் பாம்புதான், வேறென்று வைத்தியர் சொல்லும் வரை.

மருந்தின் கதைக்கும் நஞ்சுதான் ஆரம்பம். 1934 இல் இலண்டன் கிறினிச்சில் ஏழைகளுக்கான சென் அல்பேஜ் வைத்தியசாலையில் மேரி வோக்கர் என்ற உதவி வைத்தியர் வேலை செய்தார். இந்த நோய் கியூராரே என்ற அம்புநஞ்சு ஏறியது போல இருக்கிறது என்று ஒரு நரம்பியல் நிபுணர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அம்புநஞ்சுக்கு மாற்று மருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? மேற்கு ஆபிரிக்காவில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முன்பு ஊட்டிய கலபார் அவரையிலிருந்து எடுத்த மருந்து அது. ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் நோயாளியின் இமை எழும்பியது, விழுங்கினார். சில மணித்தியாலத்தில் திரும்ப விழுந்தது. காரணம் தெரிவதற்கு 39 வருடத்துக்கு முன்னே மருந்து கிடைத்துவிட்டது. அந்த மருந்து காவலனைக் கட்டிப்போடுகிறது. வந்த படகுகள் துறையிலேயே நின்று, மிச்சமிருக்கும் குற்றிக்கு முறை பார்த்துக் காத்திருக்கின்றன.

இன்று அதன் பேரன் பைரிடோஸ்டிக்மின் குளிசை. மூன்று நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் போட்டால் விழுங்கல் இலேசாக இருக்கும். கூடப் போட்டால் வாயூறும், வயிறு போகும், கடைசியில் பலவீனமே கூடும். புகையிலைத் தோட்டத்துக்கு அடிக்கும் சில மருந்துகள் செய்வதும் இதைத்தான், அளவில்லாமல். அந்தப் பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு முதல் ஆபத்துத் தப்பிய ஒன்று முதல் நாலு நாளுக்குள் கழுத்தும் மூச்சுத் தசையும் தளர்வதை 1987 இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களும் இலங்கையரே, நான் முன்னே சொன்ன சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும்.

குளிசை அறிகுறியைத்தான் மறைக்கும். பிறபொருளெதிரியைக் குறைக்கப் பிரெட்னிசலோன், அசதயோபிரின் போன்றவை. பிரெட்னிசலோன் தொடங்கிய முதல் இரண்டு கிழமையில் நோய் கூடினாற்போல் காட்டும். அதைக் கண்டு நிறுத்திவிடக் கூடாது. அசதயோபிரின் பலன் தர மாதங்கள் ஆகும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி. இந்த நோயாளரில் பத்திலொருவருக்கு அங்கே கட்டி இருக்கும், எடுக்கத்தான் வேண்டும். கட்டி இல்லாவிட்டாலும் எடுத்தால் நன்மையா என்ற வாக்குவாதம் எழுபது எண்பது வருடம் நடந்தது. 126 நோயாளரை மூன்று வருடம் பார்த்து, நன்மைதான் என்று 2016 இல் ஒரு பன்னாட்டு ஆய்வு முடித்தது.

கொவிட் காலத்துக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் தூள், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கசாயம் என்று எங்கும் விளம்பரம். இந்த நோயாளருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து நோய் வரவில்லை. வழி தவறி வந்தது. அதைக் கூட்டுகிறேன் என்று விற்பவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அம்மனுக்கு நேர்த்தி வைப்பவர்களை நான் தடுக்கமாட்டேன். பொங்கலுக்குப் படகில் போகும்போது குளிசைப் போத்தலைப் பெட்டிக்குள் கட்டிவிடாமல் கையில் வைத்திருக்கச் சொல்வேன்.

தீவில் இருப்பவருக்கு இந்த நோயில் உண்மையான பயம் ஒன்றுதான்: மூச்சுத் தசை தளர்வது. நோயாளரில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் எப்போதாவது அந்தக் கட்டத்துக்குப் போகிறார். பெரும்பாலும் நெஞ்சுச்சளி அல்லது காய்ச்சலைத் தொடர்ந்து வரும். யாழ் போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் செயற்கைச் சுவாசம் கொடுத்து, பிறபொருளெதிரியைக் கழுவி எடுத்தோ இம்யூனோகுளோபுலின் ஏற்றியோ மீட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் மூன்றில் ஒருவர் இறந்த நோய். இன்று அப்படி இல்லை. ஊர்காவற்றுறைக்காரர் அங்கே பண்ணைப் பாலத்தால் வண்டியில் போய்விடலாம். ஆனால் நெடுந்தீவுக்காரருக்கு முதலில் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் பெயர்ந்தால் கடல் விடாது. அதனால் நெடுந்தீவு நோயாளிக்கு நான் சொல்வது, பட்டணத்து நோயாளிக்குச் சொல்வதைவிடக் கடுமையானது. மூச்சு முட்டும் வரை காத்திராதீர்கள். காய்ச்சலோடு விழுங்கல் கடினமாகிறதா, தண்ணீர் மூக்கால் வருகிறதா, அன்றைக்கே பிரதேச வைத்தியசாலைக்குப் போய்ப் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கள். சுகமாக இருக்கும் நாளில் எத்தனை வரை போகிறது என்று குறித்து வையுங்கள். அது நாளுக்கு நாள் குறைந்து 20 க்குக் கீழே வந்தால் இரவென்றும் பாராமல் படகுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வேறு வருத்தத்துக்குப் போகுமிடத்தில் தெரியாமல் கொடுக்கும் மருந்து இந்த நோயைக் கிளப்பிவிடலாம். நோயாளி எப்போதும் தன்னோடு ஒரு துண்டு வைத்திருக்க வேண்டும், நோயின் பெயரும் தனக்குக் கேட்டுத்தான் கொடுக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் எழுதி. பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: ஜென்டமைசின் ஊசி, சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரப்ரனலோல், மலேரியாவுக்கான குயினைன். மற்றது இந்த நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு மிக முக்கியம்: பிரசவத்தில் பிரசர் கூடி வலிப்பு வராமல் இருக்க ஏற்றும் மக்னீசியம். அந்தப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, கர்ப்பவதிகள் கிளினிக் அட்டையின் முன் பக்கத்திலேயே குத்திவிடுங்கள்.